தாம்பாளத்தில் கலந்த மாத்திரைகள்

இதை எழுதுவதற்கு எனக்குப் பல வருஷம் ஆகிவிட்டது. எழுதத் தெரியாமல் இல்லை. எட்டாவது வரை படித்திருக்கிறேன். இந்தத் தொடரில் இத்தனை வாரமாக எதையாவது எழுதிக்கொண்டுதான் வருகிறேன். ஏர் ஓட்டியதை எழுதினேன், டிராக்டர் வாங்கியதை எழுதினேன், போன வாரம் என் மச்சான் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனதைக்கூட எழுதினேன். இதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

சாமி இருந்தவரைக்கும், அவர் மனம் வருந்துமே என்று எழுதவில்லை. சாமி சமாதியான பிறகு, பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் எழுதுவது முறையா என்று எழுதவில்லை. அப்புறம் ஒரு வருஷம் கண் ஆபரேஷன். இப்போது கண்ணும் நன்றாகத் தெரிகிறது. சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்கள் சாமி நடத்திய ஆதரவற்றோர் இல்லத்தைப் பற்றி ஒரு டாக்டரம்மா புத்தகம் எழுதினார். அதில் ஒரு மாத்திரைத் தாம்பாளத்தைப் பற்றி வரும். அப்படி ஒரு தாம்பாளமே கிடையாது, அந்த அம்மாள் பொய் சொல்கிறாள் என்று ஊரே சொன்னது.

தாம்பாளம் இருந்தது. அதை வைத்தவன் நான்.

எது பிரஷர்?

காலை ஏழு மணி இருக்கும். இல்லத்துக் கூடத்தில் கற்பூர வாசனையும் டெட்டால் வாசனையும் ஒன்றாகக் கலந்து அடிக்கும். முதலில் வருகிறவர்களுக்கு மூக்கு அரிக்கும், எங்களுக்குப் பழகிவிட்டது.

நான் பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தேன். அதில் முப்பது பேருக்கான மாத்திரை. எல்லாம் அட்டையிலிருந்து உரித்தது. மேலே நாலு சாமந்தி இதழ்.

புதிதாக வந்த டாக்டரம்மா வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். சொந்த ஊர் கூரம். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்று, உத்திரமேரூர் பஜாரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். பாம்புக்கடிக்கு ஒரு புத்தகம், சர்க்கரை வியாதிக்கு ஒரு புத்தகம் எழுதியவர். வாரம் ஒரு நாள் இலவசமாக வந்து பார்க்கிறேன் என்று அவராகவேதான் கேட்டு வந்திருந்தார்.

தாம்பாளத்தைப் பார்த்ததும் பிரசாதம் என்று நினைத்து, வலது கையை இடது கைமேல் வைத்து பக்தியாக நீட்டினார். அப்புறம் குனிந்து பார்த்தார்.

"இது இன்னா?"

"மாத்திரைம்மா."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்மா."

கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். இதில் எது பிரஷர் மாத்திரை என்று கேட்டார். எனக்கா தெரியாது? வெள்ளையில் சின்னது பிரஷர், வெள்ளையில் பெரியது சர்க்கரை, மஞ்சள் வலிக்கு, சிவப்பு சத்துக்கு. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வயித்துப்போக்குக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை.

நான் அவருக்கு தைரியம் சொன்னேன். "சாமி பாதுகைகிட்ட வெச்சி எடுத்ததும்மா. ஒண்ணும் பண்ணாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒண்ணும் பண்ணாது."

ஓரத்துக் கட்டிலில் இருந்த சபாபதி எழுந்து உட்கார்ந்தார். தாமல் பக்கத்து ஆள். வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு, யாரும் இல்லாமல் போய், பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக் கிடந்தவர். மாத்திரை என்று சொல்லமாட்டார், டிக்கெட் என்றுதான் சொல்வார்.

"இன்னா நைனா, அந்தம்மா கை நீட்டிக்கினு நிக்குது. ஒரு டிக்கெட் கிழிச்சிக் குடு" என்றார்.

டாக்டரம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

தொன்னையில் சாப்பிட்டவர்

சாமியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் தப்பு.

எங்கள் பக்கத்தில் அவரைத் தொன்னைச்சாமி என்பார்கள். ஒரு தொன்னை கொள்ளுகிற அளவுதான் சாப்பிடுவார், அதுவும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு. எங்கள் ஏரி உடைந்த வருஷம் எங்கள் தெரு மொத்தமும் ஒரு மாதம் இல்லத்தில்தான் சாப்பிட்டது. என்ன சாதி, எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஈர விறகை ஊதி ஊதி அவர் கண் சிவந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் காலில் விழுந்தவன்தான் நான்.

சபாபதியைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கி வந்ததும் சாமிதான். காலில் புழு வைத்திருந்தது. ஆட்டோக்காரர் ஏற்றமாட்டேன் என்றார். சாமி தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். புண்ணைக் கழுவும்போது முகத்தைச் சுளிக்கவில்லை. இதெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்தது.

டாக்டரம்மா புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இது இருக்கிறது. சாமி இல்லையென்றால் இந்த முப்பது பேரும் ரோட்டில் செத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் யாரும் எடுத்துப் பேசுவதில்லை, சாமிக்கு வேண்டியவர்களும்கூட.

மூடி வைத்தால் ஏற்குமா

மாத்திரையை ஏன் உரித்தாய் என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் வீட்டில் சாமி கும்பிடுகிறவர்கள்தான். அவர்களுக்குத் தெரியாதா?

வாழைப்பழம் படைத்தால் நுனியைக் கொஞ்சம் உரித்துத்தான் வைக்கிறோம். தேங்காயை உடைத்துத்தான் வைக்கிறோம். பொங்கல் பானையின் தட்டை எடுத்துவிட்டுத்தான் கற்பூரம் காட்டுகிறோம். என் வீட்டுக்காரி கோமளா பிஸ்கட் பாக்கெட் படைத்தால்கூட ஓரத்தைக் கிழித்துத்தான் வைப்பாள். மூடியிருப்பதைச் சாமி எப்படி ஏற்றுக்கொள்ளும்?

ஒரு நாள் கூடத்தில் ஒரு அம்மாளுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. அவர் மாத்திரையைச் சாமியின் பாதுகைக்கு முன்னால் வைத்துக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. முதல் நாள் அட்டையோடு வைத்தேன், மனசு ஒப்பவில்லை. மறுநாள் உரித்து வைத்தேன். காய்ச்சல் விட்டது. மூன்றாவது நாள் விடவேண்டிய காய்ச்சல்தான் அது என்று டாக்டரம்மா பின்னால் சொன்னார். எனக்கு அப்போது அது தெரியாது.

ஒருவருக்கு மட்டும் செய்தால் மற்றவர்கள் மனசு என்ன பாடுபடும்? எல்லாருக்கும் செய்ய ஆரம்பித்தேன். சாமி அந்தப் பக்கம் வந்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டுப் போனார். செய் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அது இல்லத்தின் பழக்கமாகிவிட்டது. என்னோடு சேவை செய்த ஆறு பேரும் கூடவே நின்று உரித்தார்கள்.

டாக்டரம்மா வந்த அடுத்த வாரம் முப்பது பிளாஸ்டிக் டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயரை எழுதி ஒட்டி, அவரவர் மாத்திரையை அட்டையோடு கத்தரித்து அதில் போட்டுக் கொடுத்தார். இனி இதிலிருந்து நேராகக் கொடுங்கள் என்றார். சரிம்மா என்றோம்.

தினமும் காலையில் டப்பாவைத் திறந்து, மாத்திரையை எடுத்து, உரித்து, தாம்பாளத்தில் வைத்துப் படைத்தோம். பிறகு நிறம் பார்த்து, அளவு பார்த்து மறுபடி டப்பாவில் போட்டு, டப்பாவிலிருந்து கொடுத்தோம். டாக்டரம்மா சொன்னதையும் கேட்ட மாதிரி ஆயிற்று, சாமிக்கும் குறை வைக்கவில்லை. எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

சபாபதி விழுந்த நாள்

ஆறு மாதம் இப்படிப் போயிருக்கும். யாரோ ஒரு பக்தர் சர்க்கரை மாத்திரை வாங்கிக் கொடுத்தார். வேறு கம்பெனி. அதுவும் வெள்ளை, அதுவும் சின்னது. என் கணக்கில் வெள்ளையில் சின்னது பிரஷர். சபாபதிக்குப் பிரஷர் உண்டு.

அன்று வியாழக்கிழமை. வியாழன் என்றால் பஜனை முடிந்துதான் கஞ்சி. சபாபதி வழக்கம்போல, நாஷ்டா எப்போது என்று கேட்டுக்கொண்டே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. முகம் கழுவப் போகிறேன் என்று எழுந்தார். தொட்டி வரைக்கும் போனவர் அங்கேயே விழுந்தார். விழுந்த சத்தம் பஜனையில் யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் வழிகிறதே என்று போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். விரலில் குத்திப் பார்த்துவிட்டு உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சபாபதி கண் திறந்தார். திறந்ததும், இடுப்பு எரிகிறது என்றார்.

"இவருக்கு சுகரே கிடையாது. சுகர் மாத்திரை உள்ள போயிருக்கு" என்றார் டாக்டரம்மா. யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தார். அது கழுவுவதற்காக என் கையில் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு சேர்ந்தது. வயசு காரணமாக நடை மட்டும் திரும்பவில்லை.

அதற்கப்புறம் என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தார். சோறு ஊட்டினால் வாயைத் திறந்தார். மாத்திரையை மட்டும் அட்டையோடு வாங்கி, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, தானே உரித்துப் போட்டுக்கொண்டார். ஒருநாள்கூட என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாமியிடம் அவர் பேசியது

சபாபதி விழுந்த அன்று மத்தியானமே டாக்டரம்மா சாமியின் குடிலுக்குப் போனார். நான் வெளியே குழாயடியில் தாம்பாளம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குடிலுக்குக் கீற்றுத் தட்டிதான். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

தாம்பாளத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் ஒரே நாளில் நின்றுவிடும் என்றார்.

"நின்னுடும்மா" என்றார் சாமி. "அத்த வெச்சிகினுதான் அவன் சந்தோசமா கீறான். நான் வேணாம்னா அவன் மனசு ஒடைஞ்சிடும்."

"சபாபதிக்கு இடுப்பு ஒடைஞ்சிருக்கு சாமி."

  டாக்டரம்மா வெளியே வந்தார், என்னைத் தாண்டிப் போய் ஸ்கூட்டரை எடுத்தார்.

அந்த 'அவன்' நான்தான். என்னைக் கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன். மனசு ஒன்றும் உடைந்திருக்காது, கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவும் நிறுத்தவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தாம்பாளம் கூடத்தைச் சுற்றி வந்தது.

முன்வாசலும் பின்வாசலும்

அடுத்த வருஷம் டாக்டரம்மாவின் மூன்றாவது புத்தகம் வந்தது. பச்சை அட்டை. இல்லத்தில் வலிக்குச் சரியான மருந்து கொடுக்காததை, புண்ணுக்கு விபூதி போட்டதை, ஊசியைக் கழுவிக் கழுவிப் போட்டதை எல்லாம் எழுதியிருந்தார். எல்லாம் உண்மை. தாம்பாளத்தைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும், சாமியின் உத்தரவின்படி இது நடந்தது என்று ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. சாமி உத்தரவு போடவில்லை, ஆகவே தாம்பாளமே இல்லை, ஆகவே புத்தகம் முழுக்கப் பொய் என்று இல்லத்து மேனேஜர் தணிகாசலம் பேச ஆரம்பித்தார். தாம்பாளத்தை வெள்ளைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். புத்தகம் வந்த மறுநாளிலிருந்து மாத்திரை டப்பாவிலிருந்து நேராகப் போனது. இல்லாத பழக்கத்தை எப்படி நிறுத்தினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பஜாரில் டாக்டரம்மா கிளினிக்குக்கு முன்வாசல் வழியாக யாரும் போகவில்லை. சாமியைத் திட்டியவள் வாசலை மிதிக்கலாமா? பின்பக்கம் சந்து இருந்தது. அங்கே வரிசை நின்றது. என் கோமளாவும் முட்டிவலிக்கு அந்த வரிசையில்தான் நின்றாள். கட்டடத்துச் சொந்தக்காரரும் பின்வாசல் வழியாக வந்து மருந்து எழுதி வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக வந்து காலி செய்யச் சொன்னார்.

பிறகு தணிகாசலம் ஒரு மறுப்பு அறிக்கை எழுதினார். அப்படி ஒரு பழக்கம் இல்லத்தில் என்றுமே இருந்ததில்லை என்று சேவை செய்யும் ஏழு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். அதை வைத்து டாக்டரம்மா மேல் போலீசில் மனு கொடுப்பதாக ஏற்பாடு. சாமியின் ஜென்ம நட்சத்திரத்தன்று, எல்லார் முன்னாலும் கையெழுத்து.

போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். கோமளாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாமா, ஆரம்பிச்சது நீ. பாத்துகினு இருந்தது சாமி. ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்ல. அந்தம்மா மட்டும் வூட்ட காலி பண்ணிக்கினு போவணுமா?"

கீரைத் தண்டை ஒதுக்கிப் போட்டுவிட்டு, "கையெழுத்து போடறதுன்னா போடு. அப்பறம் என் முட்டிவலிய நீயே பாத்துக்க" என்றாள்.

சிலேட்டு

நட்சத்திரத்தன்று சாமிக்கு மௌனம். ஏதாவது சொல்வதென்றால் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். கூடம் நிறைந்த கூட்டம். ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தது. பேனாவை வாங்கினேன். அதைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொன்னேன்.

"தாம்பாளம் இருந்திச்சி, நான்தான் வெச்சேன். சாமி உத்தரவு போடல. சபாபதி வியுந்தப்போ டாக்டரம்மா நிறுத்தச் சொன்னாங்க, சாமி நிறுத்தல."

 தணிகாசலம் என்னைக் காட்டி, வரதனுக்கு உடம்பு சரியில்லை என்று கூட்டத்துக்குச் சொன்னார். என்னிடம் தாழ்ந்த குரலில், "இன்னா வரதா, பேஜார் பண்ற" என்றார். பிறகு சிலேட்டையும் பலப்பத்தையும் சாமியிடம் நீட்டினார். பொய் என்று ஒரு சொல் எழுதினால் போதும். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். எழுதியிருந்தால் அன்றோடு எனக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

சாமி பலப்பத்தை வாங்கினார். என்னைப் பார்த்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுதாமல் சிலேட்டின்மேல் வைத்துவிட்டார்.

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள், இன்றைக்கும் என் வீட்டில் சாமி படம் இருக்கிறது. தினமும் பூ வைக்கிறேன். சோறு போட்டதற்காகப் பாதி, அந்த வெறும் சிலேட்டுக்காகப் பாதி.

போலீசுக்குப் போகவிருந்த மனு அதோடு நின்றது. கிளினிக்கைக் காலி செய்யச் சொன்னது நிற்கவில்லை.

வெட்டி அனுப்பியது

நான் பேசியதை யாரோ போனில் பிடித்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அது வாட்ஸ்அப்பில் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

பக்தர்கள் குழுவில் வந்ததில் நான், "சாமி உத்தரவு போடல" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறேன். கீழே, டாக்டரின் பொய் அம்பலம் என்று போட்டிருந்தது. சாமியைப் பிடிக்காதவர்கள் குழுவில் வந்ததில், "சாமி நிறுத்தல" என்பது மட்டும். கீழே, சீடரே ஒப்புக்கொண்டார் என்று போட்டிருந்தது. இரண்டிலும் என் முகம்தான், என் குரல்தான். சபாபதி பெயர் இரண்டிலும் இல்லை.

மறுநாள் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். முன்வாசல் வழியாகத்தான் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், செங்கல்பட்டில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"உத்தரவுன்னு எழுதினது என் தப்பு" என்றார். "யாரு ஆரம்பிச்சாங்கன்னு நான் ஒருத்தரையும் கேக்கல. மேல இருந்து வந்ததாத்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருக்கலாம்."

"நானாவது வந்து சொல்லியிருக்கலாம்மா."

"சொல்லியிருக்கலாம்" என்றார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

விற்காமல் இருந்த புத்தகங்களைப் பெட்டியிலிருந்து மறுபடி வெளியே எடுத்தார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்திலும் அந்த வரியைப் பேனாவால் அடித்தோம். நான் அடித்துக் கொடுக்க, அவர் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: சாமிக்குத் தெரியும், நிறுத்தவில்லை. மத்தியானம் வரைக்கும் வேலை இருந்தது. கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான், சபாபதிக்குப் படுக்கைப் புண் வந்திருக்கிறதா என்று. இந்த விஷயத்தில் என்னிடம் சபாபதியைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

சபாபதி அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் இருந்தார்.

இந்தப் பத்திரிகை வந்ததும் சில பேர் இந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புவீர்கள். அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சாமிக்குச் சாதகமான இடத்தை மட்டும் எடுக்காதீர்கள். டாக்டரம்மாவுக்குச் சாதகமான இடத்தை மட்டும் எடுக்காதீர்கள். நான் எழுந்து பேசிய இடத்தை மட்டும் எடுத்து என்னை நல்லவன் ஆக்கவும் வேண்டாம். அதற்கு முந்தி ஒரு வருஷத்துக்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. தொட்டியண்டை சபாபதி விழுந்தது படத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுதாக எடுத்தால் எழுத்து பொடியாகத் தெரியும். தெரியட்டும். படிக்கவேண்டியவர்கள் பெரிசாக்கிப் படித்துக்கொள்வார்கள்.